மேலூர் பாடமும் பால் வண்டியும்

புவியியல் கற்பித்தல் என்பது, தான் ஒருபோதும் கால் பதிக்காத ஊர்களைத் தன் சொந்த முற்றம் போல நாள்தோறும் பிறருக்குக் காட்டி நிற்கும் தொழில். இத்தொழிலில் என்னோடு சேர்ந்து அவதியுறும் ஆசிரியத் தோழர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. தகரக் கூரையின் கீழ் வியர்த்து வடிந்தபடி பனிக்கட்டியாறுகளை நீங்களும் வரைந்திருப்பீர்கள். கரும்பலகையில் எரிமலை கக்க, சன்னலுக்கு வெளியே ஆடு கத்தியிருக்கும். அந்த அவதியின் நடுவே எனக்குக் கிடைத்த சில பாடங்களையே இங்கே எழுதுகிறேன். அவற்றுள் நான் கற்பித்தவை குறைவு.

என் வீடு செட்டிபாளையத்தில், கடலுக்கும் வாவிக்கும் இடையே இருக்கிறது. பாடசாலையோ வாவிக்கு மறுபுறம், படுவான்கரையின் உட்புறத்தில். காலையில் ஸ்கூட்டியைப் படகுப்பாதை என்னும் மிதவையில் ஏற்றி அக்கரை சேர்ந்து, வயல்களின் நடுவே அரை மணி நேரம் ஓடினால் பாடசாலை மணி கேட்கும். அங்கே உயர்தர முதலாம் ஆண்டில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், பதினொரு பிள்ளைகள். சென்ற ஆண்டு அவர்களுக்குத் திபெத்து மேட்டுநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து நாலரைக் கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும் ஒரு சிறிய ஊரைப் பற்றிக் கற்பித்தேன். அந்த ஊரின் பெயரை நான் மூன்று நாளில் மூன்று விதமாக உச்சரித்ததைக் கண்ட பிள்ளைகள், என்மீது இரக்கம் கொண்டு அதற்கு ‘மேலூர்’ என்று பெயரிட்டார்கள்.

கோடில்லாத படம்

ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைத்து வரையும் சமவுயரக் கோடுகளில் பாடம் தொடங்கியது. மேலூரின் படத்தில் அக்கோடுகள் ஒன்றையொன்று முட்டும்படி நெருங்கிக் கிடந்தன. எங்கே சரிவு, எங்கே பள்ளத்தாக்கு, எந்த வழியாக ஆறு இறங்குகிறது என்று பிள்ளைகள் விரல் வைத்துச் சொன்னார்கள். மகிழ்ந்துபோன நான், “இனி நமது ஊரின் படத்தைப் பார்ப்போம்” என்று அடுத்த தாளைக் கொடுத்தேன். வாவி இருந்தது, வயல் இருந்தது, குளம் இருந்தது. சமவுயரக் கோடு ஒன்றுகூட இல்லை. எங்கள் நிலம் அத்தனை தட்டை.

கடைசி வாங்கில் இருந்த கோகிலா தாளைத் திருப்பிப் பின்புறத்தையும் பார்த்தாள். மாட்டுப் பட்டி வைத்திருக்கும் நல்லதம்பியின் ஒரே மகள் அவள்; அளந்து பேசுபவள். நிலம் தாழ்ந்திருப்பது குறை அன்று, தாழ்மையே மாண்பு என்று நான் நல்லுரை ஒன்றைத் தொடங்கும் முன்னரே அவள் எழுந்து கேட்டாள்: “ரீச்சர், மேலூரைக் கீறின ஆக்கள் எங்கட ஊருக்கு வரக்குள்ள பென்சில் முடிஞ்சு போச்சா?”

குளக்கட்டில் ஏறினோம்

எங்கள் பாடசாலையில் கைத்தொலைபேசிக்கு அலைவரிசை எட்டாது. ஊரின் மிக உயர்ந்த இடமான குளக்கட்டில் ஏறினால் எட்டும். மேலூரின் படங்களைக் காட்ட வேண்டி, பதினொரு பேரையும் கட்டின்மேல் ஏற்றினேன். ஒரே தெரு, அதன் ஓரத்தில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருந்தகம், சில கடைகள். ஊருக்கு வெளியே யாக் என்னும் சடைமாட்டின் மயிரால் நெய்த கறுப்புக் கூடாரங்கள். மரமே இல்லாத நிலமாதலால், சாணத்தைச் சுவரில் தட்டிக் காயவைத்து அதையே விறகாக எரிக்கிறார்கள். காற்று மெலிந்த அவ்விடத்தில் பத்து அடி ஓடினால் நமக்கு மூச்சு வாங்கும். அவர்களோ பட்டியின் பின்னால் நாள் முழுதும் நடக்கிறார்கள். வறுத்த வாற்கோதுமை மாவும் வெண்ணெய் கலந்த தேநீருமே உணவு. இத்தனை குறைவோடு இத்தனை நிமிர்ந்து வாழும் மக்களை எண்ணியபோது, ஒரு வேளை குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஊரையே கூட்டும் என் குணம் எனக்கே வெட்கமாக இருந்தது.

அதையே பிள்ளைகளிடமும் எடுத்துரைத்தேன். பத்துப் பேர் தலையசைத்தார்கள். கோகிலா மட்டும் தொலைபேசியை வாங்கி, பட்டி மேய்ந்து திரும்பும் படத்தை விரல்களால் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தாள். அந்த மக்களின் மனவுறுதியில் மூழ்கிவிட்டாள் என்று நான் உள்ளம் பூரித்த வேளையில் அவள் சொன்னாள்: “ரீச்சர், இதுல ஏழாவதா வாற மாட்டுக்குப் பின்னங்காலில நோவு, அதை ஆரும் கவனிச்சாங்களோ தெரியல்ல.”

உறைந்த ஏரி

மேலூருக்கு அருகே ஓர் உப்பேரி உண்டு. குளிர்காலத்தில் அது கல்லாக உறைந்துவிடும். இடையர்கள் ஆடுகளை அதன்மேல் நடத்திக்கொண்டு அக்கரை செல்வார்கள். ஆடு வழுக்காமலிருக்கப் பனிக்கட்டியின்மேல் மண்ணைத் தூவிக்கொண்டே ஒருவர் முன்னால் நடப்பார். பின்னால் வருபவர்க்காக வழியைச் செப்பனிட்டுச் செல்லும் அந்த மனிதரை நான் பெரிதும் மதிக்கிறேன். வகுப்பில் சொன்னது போதாமல், படகுப்பாதை ஓட்டும் தவராசா அண்ணனிடமும் ஒரு மாலையில் இதைச் சொன்னேன். அவர் வாவியை ஒரு முறை சுற்றிப் பார்த்து, “நல்ல காலம் ரீச்சர், இது உறையிறல்ல. உறைஞ்சா நான் மண் சட்டியோடதான் உங்களுக்கு முன்னால நடக்கணும்” என்றார்.

பிறகு வானத்தைப் பார்த்தார். எங்கள் பகுதியில் மாரி தொடங்கி வயல்வட்டைகளில் நெல் விதைத்துவிட்டால், ஊருக்குள் மாடு நிற்க இடமில்லை. பட்டிகளைத் தொலைவிலுள்ள மேய்ச்சல் தரைக்கு ஓட்டிச் சென்று, வாடி என்னும் குடில் அடித்து, அறுவடை வரை அங்கேயே இருப்பார்கள். இது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதை என் வகுப்போடு சேர்த்து எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலையிலிருந்து தோற்ற வேண்டுமாயின் நூற்றுக்கு எண்பது நாளாவது வரவு இருக்க வேண்டும். காய்ச்சலிலும் குடும்பக் காரியங்களிலும் கோகிலாவுக்கு முன்னமே பல நாள் போயிருந்தது. இனி ஒரு மாதம் போனால் பரீட்சையும் போய்விடும். தவராசா அண்ணன் கயிற்றைக் கட்டியபடி சொன்னார்: “நல்லதம்பியர்ர பட்டி வாற கிழமை வெளிக்கிடுது, உங்கட கோகிலாவும் போறாவாம், தெரியாதா ரீச்சர்?”

கன்றுகளின் பெயர்கள்

அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில் நல்லதம்பியின் பட்டிக்குச் சென்றேன். கறவை நடந்துகொண்டிருந்தது. ஒருபுறம் தாய்மாடுகள், மறுபுறம் அடைப்புக்குள் கன்றுகள். அடைப்பின் வாயிலில் கோகிலா நின்று, “செங்காரி... வெள்ளச்சி... மணியா...” என்று ஒவ்வொரு பெயராக அழைத்தாள். அழைக்கப்பட்ட கன்று மட்டும் வாயிலுக்கு வந்தது. அதன் தாய் மட்டும் நிமிர்ந்து பார்த்துப் பால் சுரந்தது. மற்றவை தம் பெயர் வரும்வரை பொறுத்து நின்றன. முப்பத்தாறு பிள்ளைகளின் பெயரைப் பதிவேடு பார்த்து அழைத்தும் ஒழுங்குக்குக் கொண்டுவர இயலாத வகுப்புகளை நடத்தியவள் நான். அடைப்பின் ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தேன்.

ஆயினும் வந்த காரியத்தை மறக்கவில்லை. நல்லதம்பியிடம் ஓர் உவமை சொன்னேன். இரண்டு இடையர்கள் இருந்தார்கள். ஒருவன் தன் பிள்ளையைப் பட்டியோடு கூட்டிச் சென்றான். மற்றவன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தனியே சென்றான். ஆண்டுகள் கழிந்தன. முதலாமவனுக்குப் பட்டி பெருகிற்று. இரண்டாமவனுக்கு வாழ்வு பெருகிற்று. மேலூரில்கூடக் கூடாரங்கள் மேட்டுக்கு ஏறும் காலத்தில் பிள்ளைகள் ஊர்ப் பள்ளியில் தங்குகிறார்கள் என்று முடித்தேன். ஞாயிறு பாடசாலையில் பலமுறை பயன் தந்த உவமை அது.

நல்லதம்பி பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு முழுவதையும் மரியாதையோடு கேட்டார். அவர் கோபிக்கவில்லை. “புள்ள படிக்கிறதில எனக்கும் விருப்பம்தான் ரீச்சர். ஆனா வேற குரலுக்கு இந்த மாடுகள் சுரக்காது. அவட தாய் கூப்பிட்டும் பாத்தம், அரைவாசிதான் வந்தது” என்றார். பின்பு உண்மையாகவே விடை வேண்டி என்னைக் கேட்டார்: “நீங்க சொன்ன ரெண்டாவது ஆள்ர பட்டியில கண்டுகளைக் கூப்பிட்டது ஆரு ரீச்சர்?”

பால் எடுக்க ஆள் வராத ஊர்

என் உவமை அவ்விதம் அடைப்புக்குள் அகப்பட்டு நின்றபோது, ஏறாவூரிலிருந்து பால் எடுக்க வரும் சலீம் நானாவின் சிறிய லொறி வந்தது. பால் கான்களை ஏற்றியபடியே அவர் என் தொலைபேசியிலிருந்த சடைமாட்டுப் படங்களைப் பார்த்தார். “பால் நல்ல கொழுப்பா இரிக்கும் போல. ஆரு ரீச்சர் அங்க பால் எடுக்கிற?” என்றார். யாரும் வருவதில்லை, ஆகையால் அவர்களே கடைந்து வெண்ணெயாக்கித் தோல் பையில் தைத்து மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள் என்றேன்.

சலீம் நானா கையிலிருந்த கானைக் கீழே வைத்துவிட்டார். “நாங்க மாரிக்கு அந்தத் தூரத்து மேச்சல் தரைக்கும் ஒவ்வொரு நாளும் போறம், ஒரு நாள் லொறி பிந்தினா இந்த நல்லதம்பியர் போன்ல ஏசிற ஏச்சு உங்களுக்குத் தெரியா” என்றார். நல்லதம்பி சிரித்தார். கோகிலா சிரிக்கவில்லை, அடைப்பில் சாய்ந்தபடி லொறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சலீம் நானா படத்தை மீண்டும் ஒருமுறை பார்த்துச் சொன்னார்: “பால் எடுக்க ஆள் வராதெண்டு தெரிஞ்சும் மாடு வளர்க்கிறானே, அவன்தான் ரீச்சர் மனிசன்!”

கோகிலா கீறிய கோடு

திங்கட்கிழமை கோகிலா ஒரு தாளோடு வந்தாள். கோடில்லாமல் நான் கொடுத்த அதே படம். அதில் அவள் கோடுகள் வரைந்திருந்தாள். பட்டி நடந்து செல்லும் தடம் ஒரு நிறம்; சலீம் நானாவின் லொறி செல்லும் தடம் மற்றொரு நிறம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மரம், ஒரு வாய்க்கால், அவ்விடத்தை அடையும் நேரம். கன்றுகளை அழைத்து முடிக்க ஆறு மணி. பால் ஏற்ற ஆறேகால். லொறி பெருந்தெருவுக்கு வரும் வழியில் எங்கள் பாடசாலை. பிற்பகலில் வெறுங் கான்களோடு அதே லொறி திரும்புகிறது. அவளுடைய தாயும் கூடவே வந்து, தெருவோரத்திலுள்ள தங்கை வீட்டில் பள்ளி விடும்வரை இருப்பார். கன்றும் பசியாமல் பாடமும் தவறாமல் ஒரு நாளை அந்தப் பெண் தாளில் வரைந்து முடித்திருந்தாள். ஆசிரியத் தோழர்களே, பிள்ளைக்கு விடையைக் கொடுக்க ஓடாதீர்கள், வெறும் படத்தைக் கொடுங்கள் என்று உங்களை வேண்டிக் கேட்கிறேன்.

அன்று மாலை இருவருமாக அதை நல்லதம்பியிடம் கொண்டுபோனோம். இம்முறை நான் உவமை எதுவும் சொல்லவில்லை. அவர் தாளைத் தரையில் விரித்து, குந்தியிருந்து, தடத்தின்மேல் விரலை மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் விரல் நின்றது. கோகிலா தாளின்மேல் குனிந்தாள். “இந்த மருத மரம் வாய்க்காலுக்கு இங்கால நிக்கிது, அதைத் திருத்திப்போட்டு, அங்க போன மறுநாளே லொறியில ஏறு மகள்” என்றார் நல்லதம்பி.

சுற்றைத் திருப்பியவர்

எல்லாம் நன்றாக முடிந்துவிட்டது என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள், நானும் எண்ணினேன். எங்கள் பாடசாலையில் வரவுப் பதிவேடு எட்டு மணிக்கு மூடப்படும். சலீம் நானாவின் சுற்றில் நல்லதம்பியின் பட்டி முதலாவது. அதற்குப் பிறகு மேலும் மூன்று பட்டிகள். ஆகவே கோகிலா வாடியிலிருந்து வந்த முதல் மூன்று நாளும் எட்டரைக்குப் பின்னரே வகுப்பில் நுழைந்தாள். அவளது பெயருக்கு நேரே மூன்று நாளும் வராதவள் என்றே குறித்தேன்.  உண்மையைக் கற்பிக்க வந்தவள் பொய்யொன்றை எழுதி ஒரு பிள்ளையைக் கரைசேர்க்க முடியாது. கோகிலா அதைப் பார்த்துவிட்டுத் தன் வாங்கில் போய் அமர்ந்தாள். அவளது தாய் லொறியில் திரும்பும்போது சலீம் நானாவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நான்காம் நாள் ஏழரை மணிக்கு லொறி வாயிலில் நின்றது. சலீம் நானா தம் சுற்றைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார். இருளோடு எழுந்து மற்ற மூன்று பட்டிகளையும் முடித்து, நல்லதம்பியிடம் கடைசியாக வந்து, அங்கிருந்து நேரே பாடசாலைக்கு ஓட்டியிருந்தார். முதலில் எடுத்த பால் அதிக நேரம் கிடக்குமே, கெட்டுவிடாதா என்று நான் கேட்டேன். கான்களின்மேல் நனைத்த சாக்கைப் போட்டிருப்பதைக் காட்டினார். உவமை சொல்வது என் வேலை என்று அதுவரை எண்ணியிருந்தேன், அவர் ஏறி அமர்ந்து லொறியைக் கிளப்பியபடி சொன்னார்: “பால் புளிச்சா தயிராக்கி வித்துருவன் ரீச்சர், இந்தப் புள்ளட படிப்பு புளிச்சா நீங்க எதாக்குவீங்க?”

நனையாத மேலூர்

மாரி முற்றியது. ஒரு நாள் காலையில் பிள்ளைகளில் பாதிப் பேர் வரவில்லை. வயலும் தெருவும் ஒரே நீராகக் கிடந்தன. பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாயிலைப் பார்த்திருந்தேன். எட்டு மணியாவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில், முழங்காலளவு நீரில் இரண்டு பேர் வந்தார்கள். கோகிலாவும் அவளது தாயும். இருவருக்கும் நடுவே ஒரு பால் கான் மிதந்து வந்தது. ஆளுக்கொரு பக்கம் அதன் காதைப் பிடித்திருந்தார்கள். தெருமுனைக்கு மேல் லொறி வர முடியவில்லையாம்.

தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்டக் கோகிலா வகுப்பு வாயிலில் நின்று, கானின் மூடியைத் திறந்தாள். உள்ளே அவளது கொப்பிகள், படம், நான் கொடுத்த தாள்கள், எல்லாம் பால் வாசனையோடு உலர்ந்து கிடந்தன. பனிக்கட்டியின்மேல் மண் தூவி நடந்த இடையரை அத்தனை நாள் தொலைவில் தேடிக்கொண்டிருந்தேன். முதலில் தலையைத் துவட்டு என்றேன். அவள் முதலில் மேலூர்க் கொப்பியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நனைஞ்சது நான்தான் ரீச்சர், மேலூர் நனையல்ல.”

நல்லதம்பியின் கேள்வி

அறுவடை முடிந்து பட்டி ஊர் திரும்பிய பின், வரவை எண்ணினேன். ஒருமுறை எண்ணி, நம்பாமல் மறுமுறை எண்ணி, அதிபரையும் எண்ணச் சொன்னேன். தேவைக்கு மேல் இரண்டு நாள் மிகுந்திருந்தது. கோகிலா அடுத்த ஆண்டு பரீட்சைக்குத் தோற்றலாம் என்று அதிபர் கையொப்பமிட்டார்.

அச்செய்தி கேட்டு நல்லதம்பி பாடசாலைக்கு வந்தார். கையில் ஒரு சட்டி தயிர். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நான் எழுந்தேன். அவருக்கு அதைவிட முக்கியமான காரியம் ஒன்று இருந்தது. “ரீச்சர், நான் அண்டைக்குக் கேட்டதுக்கு மறுமொழி வரல்லயே. மேலூரிலயும் புள்ளைகள் பள்ளியில தங்குறாங்க எண்டீங்களே, அங்க கண்டுகளைக் கூப்பிடுறது ஆரு?” என்றார். எனக்கு அப்போதும் தெரியவில்லை. கோகிலாவே தொலைபேசியை வாங்கி, குளக்கட்டுக்கு ஓடிப்போய், நெடுநேரம் கழித்து ஒரு படத்தோடு வந்தாள். பனி படர்ந்த விடியலில், கறுப்புக் கூடாரத்தின் முன் ஒரு பெண் பிள்ளை நிற்கிறாள். கன்றுகள் கயிற்றில் வரிசையாக நிற்கின்றன. அவள் வாய் எதையோ அழைத்தபடி திறந்திருக்கிறது. நல்லதம்பி அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கன்றுகளை எண்ணி, அந்தப் பெண்ணைப் பார்த்து, பிறகு தம் மகளைப் பார்த்தார். “நம்மட ஆக்கள்தான் ரீச்சர், கொஞ்சம் மேட்டில இரிக்காங்க, அவ்வளவுதான்” என்றார்.

நாலரைக் கிலோமீற்றர் உயரத்து ஊரைக் கற்பிக்கப் போன நான், கடல் மட்டத்து மனிதர்களுக்கு ஈடுகொடுத்து ஏற முடியாமல் ஓராண்டு முழுதும் மூச்சு வாங்கினேன் என்பதே என் புவியியல் அறிவின் மொத்தம்.